அருவிப் படத்துக்குப் பின்னால் பாதி வரி

தென்காசிப் பக்கத்து இலஞ்சியில் ஒரு பெண்ணின் பெயர் ஒரே சனிக்கிழமை மதியத்தில் தம்மாம், துபாய், சிங்கப்பூர் எல்லாம் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கும் முன் ஊர் திரும்பியது. போகும்போது மாடத்தி என்று போனது. வரும்போது ‘ரூம் மாடத்தி’ என்று வந்தது. விசா கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. இருபத்திரண்டு விநாடி வீடியோ ஒன்றில் ஏறி உட்கார்ந்து போய்விட்டு வந்தது.

அந்த மாடத்திக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவளுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாவது நிற்கட்டும் என்று அவள் அம்மா குழல்வாய்மொழி குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் அது. கல்லூரியில் கூடப் படித்தவர்கள் அதைச் சுருக்கி நாகரிகமாக ஏதாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. தெற்குச் சீமையில் ஆயிரம் மாடத்தி இருப்பார்கள். வயலில் இருப்பார்கள், பீடி சுற்றுவார்கள், பஞ்சாயத்துத் தலைவியாகக்கூட இருப்பார்கள். ஜாவா மொழியில் கணினிப் புரோகிராம் எழுதுகிற மாடத்தி உலகத்திலேயே ஒருத்திதான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஒருத்திதான் என்பதே பின்னால் வினையாகவும் போனது.

படிப்பு முடித்து முதல் நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போனபோது ரயில் விடியற்காலையில் இறக்கிவிட்டது. குளித்துச் சேலை மாற்ற ஒரு அறை வேண்டும். மூன்று லாட்ஜில் கேட்டாள். மூன்றிலும், ‘கூட யாரு வந்திருக்கா?’ என்றார்கள். யாருமில்லை என்றதும் மூன்றிலும் அறையும் இல்லாமல் போய்விட்டது. எழும்பூர் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சான்றிதழ் கவரை மடியில் வைத்துக்கொண்டு, சேலைச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள். வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் பார்த்தாள். அப்பாவுக்குக் கையும் காலும் விழுந்தபோது வேலையை விட்டு ஊருக்கு வந்தாள். அப்பா போனார், அவள் போகவில்லை. கல்யாணம் நடக்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு கதை வேண்டாம்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாத்திரக்கடை மாடியில் சுப்பு என்பவர் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் வைத்திருந்தார். ஐந்து நாற்காலி, நாலு ஆண், ஒரு பெண். கீழே அண்டா விலை பேசும் சத்தம் மேலே தெளிவாகக் கேட்கும். சுப்பு ரொம்பச் சிக்கனம். கணினியில் காலியிடம் வீணாகிறது என்று வார்த்தைக்கு நடுவில் இடம் விடாமல் மெயில் அனுப்புகிறவர் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் நான்தான்.

மாடத்தி அங்கே எழுதியவற்றில் முக்கியமானது, குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் உள்ள ஒரு லாட்ஜுக்கு அறை பதிவு செய்யும் புரோகிராம். லாட்ஜின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எனக்கும் அங்கே அறை கிடைக்காது.

புரோகிராம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. இருட்டுக் குகைக்குள் ஆளை அனுப்பினால், ‘இங்கன வந்துட்டேன், இப்பம் இடதுபக்கம் திரும்புதேன்’ என்று அவன் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் எங்கே விழுந்தான் என்று தெரியும். ஜாவா எழுதுகிறவர்களும் அப்படித்தான். வழிநெடுகச் சின்னச் சின்ன வரிகளை வைத்துவிடுவார்கள். புரோகிராம் அந்த இடத்தைக் கடக்கும்போது, கன்சோல் என்கிற கறுப்பு ஜன்னலில் அந்த வரி விழும். பிழை தேட உதவும் அதை டீபக் வரி என்பார்கள். சுப்பு ஆபீஸில் ஐந்து பேர் எழுதிய வரியும் ஒரே ஜன்னலில் கலந்து ஓடும். யார் வரி யாருடையது என்று சண்டை வந்ததால், அவரவர் வரியின் தலையில் அவரவர் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எழுத்து ஆங்கில எழுத்து. பேச்சு நம் பேச்சு.

மாடத்தியிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. லாட்ஜ் முதலாளி ஒருமுறை எதையோ மாற்றச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் சத்தம் போட்டதும், ‘நான் எப்பம் சொன்னேன்?’ என்று கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து அவள், யார் சொல்லி எழுதினாள், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் வரியின் வாலில் சேர்த்துவிடுவாள். தலையில் தன் பெயர், வாலில் சொன்னவர் பெயர்.

மே மாதம் ஒன்பதாம் தேதி முதலாளி போன் செய்தார்.

“ஏம்மா, தனியா வார பொம்பளையளுக்கு ரூம் இல்லைன்னு வரணும்.”

“எதுக்கு சார்?”

“எதுக்கா? பொறவு போலீஸு வரும், பேப்பர்காரன் வருவான். நம்ம ஆளு வாயால இல்லைன்னு சொன்னா சண்டைக்கு வாராளுவ. கம்ப்யூட்டர் சொல்லிட்டா ஒருத்தியும் பேச மாட்டா.”

“ரூம் காலியா இருக்கும்போதா சார்?”

“காலியா இருக்கும்போதுதாம்மா. காலி இல்லாதப்பம் நீ எதுக்கு?”

அவள் சுப்புவிடம் போய்ச் சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை. “அவரு லாட்ஜு, அவரு ரூமு. நமக்கென்ன, எழுதிக் குடு.”

எழுத நாலு நிமிஷம் ஆனது; லாட்ஜுக்கு அவள் எழுதிய விதிகளில் அது நாலாவது. அந்த நாலு நிமிஷத்தில் எழும்பூர் பெஞ்சு நினைவுக்கு வரவில்லையா என்று பின்னொரு நாள் கேட்டேன். வந்தது என்றாள். வந்து என்ன செய்தது என்றேன்.

“சித்த நேரம் உக்காந்துட்டுப் போயிட்டு” என்றாள்.

ஜூனில் சாரல் தொடங்கியது. அந்த வருஷம் கொட்டிய கொட்டில் குற்றாலத்துக் குரங்குகள் குடை வாங்கின. முதலாளி வரவேற்பு மேசையில் இரண்டாவது திரை ஒன்று வாங்கி, வருகிறவர்களைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதில் ஐந்தருவிப் படம் பொங்கி விழும். பக்கத்தில் அறை வாடகை வரும். ஆனால் புரோகிராமைத் திறந்தால் கறுப்பு ஜன்னலும் அந்தத் திரையில்தான் போய்த் திறந்தது. அருவிப் படம் எப்போதும் மேலே நிற்கும்படி வைத்திருந்ததால் ஜன்னலின் வலது பாதி படத்துக்குப் பின்னால் மறைந்தது. இடது பாதி மட்டும் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

முதலாளி மறுபடி போன் செய்தார். “அந்தக் கறுப்புல என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. பாக்கவே தரித்திரமா இருக்கு. நிப்பாட்டு.”

இப்படி ஒருநாள் வரும் என்று மாடத்திக்குத் தெரியும். அதனால் முதலிலேயே ஒரு சுவிட்சு வைத்திருந்தாள். அமைப்புகளை வைக்கும் கோப்பு ஒன்று. அதில் ஒரே ஒரு சொல், உண்மை அல்லது பொய். உண்மை என்றிருந்தால் டீபக் வரிகள் பேசும். பொய் என்றால் வாயை மூடும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், ‘பேசலாமா?’ என்று அந்தச் சொல்லைக் கேட்கும்படி எழுதியிருந்தாள். அவள் உண்மையைப் பொய்யாக்கினாள். கம்பைல் செய்தாள். எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி சமைத்து எடுப்பதுதான் கம்பைல். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். கறுப்பு ஜன்னல் கிணறு மாதிரி அமைதியாக இருந்தது.

சுப்பு ஆபீஸில் இன்னொரு சட்டம், மாற்றிய கோப்பை மட்டும் அனுப்புவது. சாரல் காலத்தில் குற்றாலத்து நெட், மலைப்பாதையில் சரக்கு லாரி ஏறுகிற வேகத்தில் வரும். மொத்தத்தையும் அனுப்பினால் சீசன் முடிந்துதான் போய்ச் சேரும் என்பார் சுப்பு. ஆகவே மொத்தம் நாற்பத்திரண்டு கோப்பில் அந்த ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் லாட்ஜின் வரவேற்பாளர் குத்தாலிங்கத்துக்கு அனுப்பினாள். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், பொறுமையானவன், பழகிய கை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான், புரோகிராமை மூடித் திறந்தான்.

“சரியாயிட்டுக்கா” என்று பதில் வந்தது.

அவன் பார்த்தது அவன் திரையை. மற்றது அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களைப் பார்த்து நின்றது. அதில் ஒன்றும் சரியாகவில்லை. பதினொரு நாள் அது பேசிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் அருவியைப் பார்த்தார்கள், வாடகையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஓரத்து எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை மதியம் ஷரீபுன்னிசா வந்தார்.

காயல்பட்டினத்துக்காரர். ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் ஆசிரியை, கடைசி ஆறு வருஷம் தலைமை ஆசிரியை. கணவர் ஜித்தாவில் இருபத்தேழு வருஷம். ஒவ்வொரு தடவை போனிலும், ‘அடுத்த சீசனுக்குக் குத்தாலம் போவோம்’ என்பார். சீசனும் லீவும் ஒருநாளும் சேரவில்லை. அந்த ஜனவரியில் அவர் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார். ஜூலையில் ஷரீபுன்னிசா ஒரு சின்னப் பையும் ஒரு புதுத் துண்டும் எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிவிட்டார். தென்காசியில் சொந்தக்காரர் வீடு இருந்தது. ஆனால் அங்கே போனால் பிரியாணியும் துக்கமும் பரிமாறுவார்களே தவிர அருவிக்கு விட மாட்டார்கள் என்று முதலில் லாட்ஜுக்குப் போனார்.

குத்தாலிங்கம் பெயர் கேட்டான், போன் நம்பர் கேட்டான், எத்தனை பேர் என்று கேட்டான். ஒருத்தி என்றார். தட்டினான்.

“ரூம் இல்லீங்கம்மா. கம்ப்யூட்டர்ல ஃபுல்லுன்னு காட்டுது.”

ஷரீபுன்னிசா திரையைப் பார்த்தார். பின் பெஞ்சில் மேசைக்கடியில் கைமாறும் துண்டுச் சீட்டைக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே வாசித்துப் பழகிய கண்கள் அவை. அருவியைத் தாண்டி ஓரத்துக்குப் போயின.

“யாரு தம்பி மாடத்தி?” என்று கேட்டார்.

“எந்த மாடத்தி?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து மாடத்தின்னு ஒருத்தி சொல்றா. ‘தனியா வந்த பொம்பளை. ஏழாம் நம்பர் காலி. இல்லைன்னு சொல்லு.’ இங்க வந்து பாருங்க.”

குத்தாலிங்கம் மேசையைச் சுற்றி வந்து பார்த்தான். வாசித்தான்.

“அது... சும்மா ஓடுறதும்மா.”

“சும்மா ஓடுறதுக்கு நான் தனியா வந்தது எப்படித் தெரியும்?”

அவர் கைப்பேசியை எடுத்தார். திரையை நிதானமாக வீடியோ எடுத்தார். அருவி, வாடகை, அந்தப் பாதி வரி, வாயைத் திறந்தபடி குத்தாலிங்கம். வரியின் மறுபாதி அருவிக்குப் பின்னால் இருந்தது. யார் சொன்னது, எந்தத் தேதி என்பதெல்லாம் அங்கே இருந்தது. வீடியோவில் விழுந்தது மாடத்தியின் பெயரும் அவளுடைய கட்டளையும்தான்.

அதைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவிட்டு அவர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேருமுன் அந்த வீடியோ அரபிக் கடலைத் தாண்டிவிட்டது. இலஞ்சியில் அன்று மாலை மாடத்தி பால் வாங்கப் போனாள்.

“என்ன மாடத்தி, எனக்கு ஒரு ரூம் போட்டுக் குடேன்” என்றார் பால்காரர்.

“அவ குடுக்க மாட்டா அண்ணாச்சி, நீரு தனியால்லா வந்திருக்கீரு” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

வீட்டில் குழல்வாய்மொழி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஏட்டி, ஊருக்கு வார பொம்பளையள விரட்டுத சோலியாட்டி நீ பாக்கே? அதுக்கா உன்னை எம்.சி.ஏ. படிக்க வச்சோம்?”

“நான் சொல்லலம்மா. அந்த மொதலாளி சொன்னாரு.”

“அவன் பேரு எங்க இருக்கு? உன் பேருல்லா இருக்கு.”

மாடத்திக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த விதியை வைத்தது தான் இல்லை என்று ஊர் அறிய வேண்டும். அதற்குச் சாட்சி அந்த வரியின் மறுபாதி. அது லாட்ஜில், படத்துக்குப் பின்னால் இருக்கிறது. புரோகிராமை ஒருதரம் மூடினால் கறுப்பு ஜன்னலோடு சேர்ந்து அதுவும் போய்விடும்; கோப்பில் எங்கேயும் சேமிக்கவில்லை. குத்தாலிங்கத்துக்குப் போன் செய்து, தான் வரும்வரை எதையும் மூடாதே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுப்பு அழைத்தார். “நீயே நேர்ல போயி அதை நிப்பாட்டிட்டு வா. பேசுத பேச்சு ஒரு வரி வரக்கூடாது. ஊருக்கு நான் சொல்லுதேன், இது மாடத்தி வச்ச விதி இல்லைன்னு. போதுமா?”

“எழுத்துல சொல்லுவியளா அண்ணாச்சி?”

“எழுத்துலதாம்மா. போ.”

மினி பஸ்ஸில் மடிக்கணினியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனாள். லாட்ஜில் முதலில் அருவிப் படத்தை ஓரமாக இழுத்தாள். முழு வரியும் தெரிந்தது. ‘மாடத்தி: தனியா வந்த பொம்பளை. ஏழாம் நம்பர் காலி. இல்லைன்னு சொல்லு. விதி நாலு. சொன்னது லாட்ஜ் முதலாளி, மே 9, போன்ல.’ அதைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். ஒன்றுக்கு மூன்றாகப் பிடித்தாள். பிறகுதான், பொய்யாக்கிய பிறகும் வரி ஏன் பேசியது என்று தேட உட்கார்ந்தாள்.

தேட வெகு நேரம் ஆகவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை அவள், ‘இது என்றும் மாறாது’ என்று அறிவித்து வைத்திருந்தாள். ஜாவாவில் அப்படி ஒரு வசதி உண்டு. நல்ல பழக்கம் என்று சென்னையில் கற்றுக்கொடுத்தது. மாறாது என்று சொல்லிவிட்டால் ஜாவா நம்பிவிடும். உப்பு ஜாடியை ஒவ்வொரு வாய்க்கும் திறந்து பார்க்காது. சமைக்கும்போதே ஜாடியிலிருந்து எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் போட்டுக் கலக்கிவிடும். பிறகு ஜாடியைக் காலி செய்தாலும் குழம்பு கரிக்கத்தான் செய்யும். அவள் அனுப்பிய ஒரு கோப்பு வெறும் ஜாடி. பாத்திரங்கள் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் பழைய ‘உண்மை’ கலந்து கிடந்தது. அவள் ஆபீஸ் கணினியில் எல்லாமே புதிதாகச் சமைந்ததால் அங்கே மட்டும் சரியாக இருந்தது.

நாற்பத்திரண்டையும் முதலிலிருந்து கம்பைல் செய்து லாட்ஜ் கணினியில் வைத்தாள். இப்போது பொய் என்பது எல்லாவற்றிலும் கலந்தது. கலந்ததோடு நிற்கவில்லை. எப்போதும் பேசப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால் அந்த வரிகளையே கம்பைலர் தூக்கி எறிந்துவிடும். மாடத்தி எழுதி வைத்த குரல்கள் ஒன்றுகூட உள்ளே இல்லை.

குத்தாலிங்கம் சோதித்துப் பார்த்தான். ஒரு பெண், தனியாக, ஒரு நாள். அறை இல்லை என்றது. கறுப்பு ஜன்னலில் ஒரு எழுத்து இல்லை.

“இப்பம் நல்லா இருக்குக்கா” என்றான். சொல்லிக்கொண்டே மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து, இரண்டாவது திரைக்குக் கீழே ஒட்டினான்.

‘மென்பொருள் எழுதிய பெண் ஊழியரின் தவறால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறோம். தவறு திருத்தப்பட்டது.’

தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. சுப்பு ஆபீஸ் பிரிண்டர் போடும் கோடு அது. மை உருளை மாற்றச் சொல்லி அவளே எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இது எப்பம் வந்துச்சு குத்தாலிங்கம்?”

“காலைலயே குடுத்துவிட்டாவக்கா. நீங்க வாரதுக்கு முன்னாலயே.”

அங்கேயே நின்று சுப்புவுக்குப் போன் செய்தாள்.

“நான் இல்லைன்னு எழுத்துல சொல்லுதேன்னு சொன்னிய அண்ணாச்சி.”

“சொல்லுவேம்மா. கொஞ்சம் ஆறட்டும்.”

“முழு வரியையும் போட்டோ எடுத்திருக்கேன். அவரு பேரு இருக்கு.”

அண்டாச் சத்தம் இல்லாததால் அந்தப் பக்கம் சுப்பு நாற்காலியை இழுத்துப் போடுவது தெளிவாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. “மாடத்தி, அவரு சொல்லி இன்னும் நாலு லாட்ஜு நம்மட்ட வருது. அஞ்சு பேரு கஞ்சி குடிக்கோம். உன் பேரையா போட்டிருக்கு? பெண் ஊழியருன்னுதான போட்டிருக்கு.”

“ஆபீஸ்ல பெண் ஊழியர் நான் ஒருத்திதான அண்ணாச்சி.”

“அது வெளிய யாருக்குத் தெரியும்?” என்றார் சுப்பு.

வெளியே மொத்தப் பேருக்கும் தெரியும். அவள் அன்று மாலை முழு வரிப் படத்தை இலஞ்சித் தெருக் குழுவில் போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் ஐந்து நிமிஷத்தில் கைதவறிப் போட்டதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டது. வீடியோவைத் தம்மாம் வரைக்கும் சுமந்துகொண்டு ஓடியவர்களில் ஒருத்தர்கூட மறுபாதியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குக் கீழே யாரோ வெல்லம் விலை கேட்டார்கள்; பேச்சு அங்கே போயிற்று.

மிச்சம் இருந்தது ஷரீபுன்னிசா ஒருவர்தான். அவரே முழு வரியையும் பார்த்துவிட்டு, ‘மாடத்தி இல்லை’ என்று இன்னொரு வீடியோ போட்டால் போதும். அவர் தென்காசியில் சொந்தக்காரர் ரஹ்மத் வீட்டில் இருக்கிறார் என்று குத்தாலிங்கம் விசாரித்துச் சொன்னான். திங்கட்கிழமை காலை மாடத்தி லீவு சொல்லிவிட்டு அங்கே போனாள்.

ஷரீபுன்னிசா தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தார். அன்று அதிகாலையில் ரஹ்மத் வீட்டுப் பெண்கள் ஆறு பேர் சூழப் பழைய அருவிக்குப் போய்வந்திருந்தார். “குளிச்சேன். ஆறு பேரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. அருவி என் மேல விழுந்துச்சா அவங்க மேல விழுந்துச்சான்னு தெரியல” என்றார். பிறகு, “நீதானா மாடத்தி?” என்றார்.

“ஆமாம்மா.”

மாடத்தி கைப்பேசியை நீட்டினாள். ஷரீபுன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவரைப் போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“சொன்னது அவரு. சரி. எழுதினது?”

“நான்.”

“எழுதும்போது என்ன நெனச்சே?”

“சோலின்னு நெனச்சேன்மா.”

“ம்.” கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களாமே. என்ன சரி பண்ணினே?”

“அந்த வரி இனிமே வராது.”

“விதி?”

மாடத்தி கையில் கொடுத்திருந்த தேநீர்க் கிளாஸைப் பார்த்தாள். “அது இருக்கு.”

“அப்ப நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி வந்தா?”

“ரூம் இல்லைன்னு வரும்.”

“ஏன்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“முந்தாநாள் எனக்குத் தெரிஞ்சுது. ரூம் கெடைக்கல, ஆனா என்னை யாராலயும் ஏமாத்த முடியல. நீ நேத்து போய் அதையும் எடுத்துட்டு வந்திருக்கே. உன் பேரு கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட வந்திருக்கே.”

மாடத்தி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். உள்ளே யாரோ தேங்காய் திருகிக்கொண்டிருந்தார்கள்.

“விதியை எடுக்க உனக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்லுவே. சொல்லு, ஒத்துக்கிறேன். அந்த வரியைத் திரும்ப வர வைக்க முடியுமா?”

“முடியும்.”

“கஷ்டமா?”

“ஒரு சொல்லுதான்மா. மாத்தணும்.”

“அப்ப மாத்து. உன் பேரு வேண்டாம்னா அதை எடுத்துடு. மத்தது வரட்டும். அடுத்து வர்றவளாவது வாசிச்சுட்டுப் போகட்டும். நீ அதைச் செஞ்சா, நீ எடுத்த போட்டோவை நான் என் கையால எல்லாருக்கும் அனுப்புறேன்.”

மாடத்தி சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் அந்தச் சுவிட்சுக் கோப்பைத் திறந்தாள். பொய்யை உண்மையாக்கினாள். கம்பைல் செய்தாள். பக்கத்தில் நாற்பத்தொரு கோப்பும் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் பொய் கரைந்து கிடந்தது. அவற்றை அவள் தொடவில்லை. சுப்பு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து புது லாட்ஜ் ஒன்றோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மாடத்தி அந்த ஒரு கோப்பை மட்டும் குத்தாலிங்கத்துக்கு அனுப்பினாள்.

“வச்சிட்டேன்க்கா. சரியாயிட்டு” என்று வந்தது.

ஷரீபுன்னிசாவுக்கு முழு வரிப் படத்தோடு, ‘மாத்திட்டேன்மா’ என்று ஒரு வரி அனுப்பினாள். அது பொய்யில்லை. மாற்றித்தான் இருந்தாள்.

அந்தம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாடத்தி எடுத்த அந்தப் படத்தோடு, இந்தப் பெண் மேல் தவறில்லை, செய்ததைத் திருத்திக்கொள்ளத் தைரியம் உள்ளவள் என்று நாலு வரி எழுதி, தன் பழைய மாணவிகள் எல்லாருக்கும் அனுப்பினார். தலைமை ஆசிரியை சொன்னால் காயல்பட்டினத்தில் கடலும் கேட்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக இலஞ்சிக்கும் வந்தது. பால்காரர் பழையபடி வெறும் மாடத்தி என்று கூப்பிடத் தொடங்கினார். மாடத்திக்குத் தனியாக ஒரு குரல் செய்தியும் வந்தது, ஒன்பது விநாடி. ‘நீ செஞ்சதுக்கு அல்லாஹ் உனக்கு நல்ல கூலி தரட்டும்மா. நல்லா இரு.’ அதை அவள் ஒருமுறைதான் கேட்டாள். அழிக்கவும் இல்லை.

அடுத்த சீசனும் வந்துவிட்டது. லாட்ஜில் அருவிப் படம் பொங்கி விழுகிறது, ஓரத்தில் கறுப்பு ஜன்னல் துடைத்துவைத்த கல் சட்டி மாதிரி இருக்கிறது. தனியாக வருகிற பெண்கள் அதையும் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டரில் இல்லையே என்று பையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுப்பு ஆபீஸில் இப்போது ஆறு நாற்காலி. புது லாட்ஜ் நாலுக்கும் அந்த விதி நாலு உண்டு.

கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. “ஏட்டி, அன்னைக்கு அந்தப் பதட்டத்துல மத்த நாப்பத்தொரு கோப்பையும் அனுப்ப மறந்துட்டியோ?”

“இல்ல ஆச்சி” என்றாள் மாடத்தி. “ஞாபகம் இருந்துச்சு.”